கரை ஓரம் போகும் ஒளி!
பாதையில் பழுது இருந்தாலும் திரும்பாது

சின்னாளப்பட்டியில் தறி நெய்கிறவர்களைக் கேளுங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்துவார்கள். அறுந்த இழையைப் பிணைப்பார்கள். பிறகுதான் நாடா ஓடும். கவனிக்காமல் விட்டால் சேலையில் கோடு விழும்.

ஒளிக்கும் இந்தத் தொல்லை உண்டு. டெலிபோன் பேச்சும் படமும் இன்று கண்ணாடி இழை வழியே ஒளியாகப் போகின்றன. கருவிகளுக்குள் மயிரிழை போன்ற ஒளிப் பாதைகளும் உண்டு. அதில் சின்னப் பழுது இருந்தாலும் ஒளி சிதறும். கொஞ்சம் வந்த வழியே திரும்பும்.

பழுதைச் சட்டை செய்யாமல் ஒளி போக முடியாதா?

முடியும் என்று 2013-ல் காட்டினார்கள். இஸ்ரேலில் ஹைபா நகரத்து விஞ்ஞானிகளும் ஜெர்மனியில் யேனா நகரத்து விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த சோதனை அது. கண்ணாடித் துண்டுக்குள் லேசரால் பல பாதைகள் வரைந்தார்கள். ஒவ்வொன்றும் திருகாணி மரை போலச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. ஓரப் பாதையில் சிவப்பு ஒளியை விட்டார்கள். அது ஓரத்தை ஒட்டியே நகர்ந்தது. மூலை வந்தது, வளைந்தது. ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு பாதையை வரையாமல் விட்டிருந்தார்கள். அதையும் சுற்றிக்கொண்டு போயிற்று!

துணை மாறும் ஆட்டம்

இது எப்படி? 2017-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் செபப்ரதா முகர்ஜியும் அவருடைய தோழர்களும் செய்த சோதனையைப் பார்த்தால் விளங்கும். கோலாட்டம் தெரியும் அல்லவா? அதுபோல, ஒவ்வொரு பாதையும் தன் நாலு பக்கத்துப் பாதைகளை முறை வைத்து நெருங்கும். நெருங்கும்போது ஒளி அடுத்த பாதைக்குத் தாவும். நடுவில் உள்ள ஒளி நாலு முறை தாவினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். ஓரத்தில் உள்ள ஒளிக்கு ஒரு முறை துணை இருக்காது. அப்போது சும்மா இருக்கும். மறுமுறை தாவும். ஆகவே வட்டம் முடியாது; ஓரத்தோடு ஓர் அடி முன்னே போயிருக்கும். முறை மாறாத வரை திசையும் மாறாது.

உளுந்து வடையைக் கிள்ளினால் வடை குறையும், ஓட்டை குறையாது. முக்கால் ஓட்டை என்று ஒன்று கிடையாது. இந்த ஓர ஓட்டமும் அப்படி முழு எண் கணக்கு. சின்னப் பழுதால் அதைக் குறைக்க முடியாது. பொருள்களில் இந்தக் கணக்கைக் கண்டதற்காக தவுலெஸ், ஹால்டேன், கோஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு குறை உண்டு. கண்ணாடி ஒளியைக் கொஞ்சம் குடித்துவிடும். அதை இந்த வித்தை தடுக்காது. முகர்ஜி பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்து, அங்கே கண்ணாடியில் ஒளிப் பாதை வரையும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.