பாலேவாடியில் ஒரு மால்குடி

மால்குடி என்னும் ஊர் எந்தத் தேசப்படத்திலும் இல்லை. ஆயினும் அதன் கடைத்தெருவையும், சரயு ஆற்றையும், ஆல்பர்ட் மிஷன் பள்ளியையும் அறிந்தவர் நாடெங்கும் உள்ளனர். நம் புனே நகரின் மேற்கே, பாலேவாடியில், அவ்வூர் சிற்றுருவில் அமைந்திருக்கிறது. ஆர். கே. லட்சுமண் பெயரால் 2022 மார்ச் 6-ஆம் நாள் திறக்கப்பெற்ற கலைக்கூடத்தில், அவருடைய கேலிச் சித்திரங்களோடு மால்குடியின் மாதிரியும் இடம்பெற்றுள்ளது. சென்ற விடுமுறையில், மராத்தி நண்பர் ஒருவரும் நானும் பேருந்தேறிச் சென்று அதைக் கண்டு வந்தோம். இல்லாத ஊர் இங்கே வந்து சேர்ந்தது எவ்வாறு? அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அது சொல்லாய்ப் பிறந்தது. ஆர். கே. நாராயண் 1906-இல் சென்னையில் பிறந்த தமிழர். பாட்டியிடம் வளர்ந்து, பின்னர் மைசூரில் வாழ்ந்தவர். 1930-இல், பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில், குறிப்பேடு ஒன்று வாங்கி எழுத அமர்ந்தார். சிறியதொரு ரயில் நிலையம் அவர் மனக்கண்முன் தோன்றியது. அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. சிறுவன் சுவாமியின் கதையான முதல் நாவல், எழுத்தாளர் கிரஹாம் கிரீனின் துணையால், 1935-இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளியாயிற்று.

அடுத்து அது கோடாயிற்று. நாராயணின் கடைசித் தம்பி லட்சுமண் 1921-இல் மைசூரில் பிறந்தவர். கல்லூரி மாணவராய் இருந்தபோதே அண்ணன் கதைகளுக்கு 'இந்து' நாளிதழில் படம் வரைந்தார். பம்பாயின் ஜே. ஜே. கலைப்பள்ளி அவருக்கு இடம் தர மறுத்தது. அதே பம்பாயில்தான், 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழில், கட்டம் போட்ட சட்டை அணிந்த சாமானிய மனிதனை அரை நூற்றாண்டுக் காலம் வரைந்து புகழ் பெற்றார். முதுமையில் புனேயில் வாழ்ந்து, 2015 ஜனவரி 26-ஆம் நாள் இங்கேயே மறைந்தார். மால்குடிக்குப் பாலேவாடியில் இடம் கிடைத்தது இந்த உறவால்தான்.

மூன்றாவதாக அது திரையில் தெரிந்தது. 1980-களின் பிற்பகுதியில் கன்னடக் கலைஞர் ஷங்கர் நாக் 'மால்குடி டேஸ்' தொடரைத் தூர்தர்ஷனுக்காக இயக்கினார். தொடக்கத்தில் வரும் சித்திரங்கள் லட்சுமணுடையவை. நெஞ்சில் நிற்கும் அந்த இசையோ தமிழரான எல். வைத்தியநாதனுடையது. படப்பிடிப்பு நடந்ததோ கர்நாடகத்து மலைநாட்டில், பெருமழைக்குப் பேர்போன ஆகும்பேயில். அதே ஷிமோகா மாவட்டத்தில் தொடருக்குப் பயன்பட்ட அரசாளு ரயில் நிலையத்தின் பழைய கட்டடம் 2020-இல் மால்குடி அருங்காட்சியகமாகவே ஆயிற்று.

தமிழர் கற்பனை, ஆங்கில எழுத்து, கன்னட மண், இந்திப் பேச்சு, மராட்டிய நகரில் மாதிரி! இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் ஊர் கெடாமல் நிற்பது ஏன்?

அறிவியல் மாணவருக்கு மாதிரி என்பது புதிய சொல் அன்று. வாயுவின் அழுத்தத்தைக் கணக்கிடும்போது மூலக்கூறுகளைச் சிறு கோளங்களாகக் கொள்கிறோம். அவற்றின் உள்ளமைப்பை விட்டுவிடுகிறோம். வேகத்தையும் மோதலையும் மட்டும் வைத்துக்கொள்கிறோம். அவ்வாறு விட்டதனாலேயே அந்த விடை ஹீலியத்துக்கும் பொருந்துகிறது, நைட்ரஜனுக்கும் பொருந்துகிறது. நாராயண் செய்ததும் இதுவே. இன்ன ஊர்தான் மால்குடி என்று அவர் சுட்டவில்லை. தேர்வுக்கு அஞ்சும் சிறுவன், கண்டிப்பான தந்தை, கதை சொல்லும் பாட்டி, கிரிக்கெட் ஆடும் தோழர்கள் ஆகிய உறவுகளை மட்டும் வைத்துக்கொண்டார்.

மாதிரியின் முன் நின்றபோது இந்த உண்மை எனக்கு விளங்கியது. "இது எங்கள் சாதாராத் தெருவைப்போலவே இருக்கிறது" என்றார் நண்பர். எனக்கோ, என் பாட்டி சொல்லிச் சொல்லிக் கேட்ட திண்டிவனத்துத் தெரு நினைவுக்கு வந்தது. நான் அத்தெருவில் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. பாட்டனார் கட்கிக்கு வேலை தேடி வந்தவர். நான் இங்கே வளர்ந்தவன். "உன் ஊர் எது?" என்று தமிழ்நாட்டிலும் கேட்கிறார்கள், இங்கும் கேட்கிறார்கள். இரண்டு இடத்திலும் விடை சொல்லத் தயங்கியிருக்கிறேன். நம் மன்றத்தில் பலரது நிலையும் இதுதான்.

சுவாமியின் கதை முடிவதும் ரயில் நிலையத்திலேயே. தந்தையின் மாற்றலால் ஊரைவிட்டுப் போகும் ராஜத்தை வழியனுப்பச் சுவாமி அங்கே ஓடி வருகிறான். தோன்றிய முதல் காட்சியும் நிலையம். பிரிவு நிகழும் கடைசிக் காட்சியும் நிலையம். ரயிலேறி வந்தவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இதனினும் நெருங்கிய ஊர் வேறு உண்டோ? ஊர் என்பது பிறந்த மண் மட்டும் அன்று. சொல்லக் கேட்டுச் சுமந்து வரும் மண்ணும் ஊரே. சொல்பவர் இருக்கும்வரைதான் அது இருக்கும். நாராயணுக்குக் கதை சொல்ல ஒரு பாட்டி இருந்தார். நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். பாலேவாடிக்கு ஒருமுறை போய் வாருங்கள். திரும்பி வந்ததும் அவர்களிடம் அவர்தம் தெருவைப்பற்றிக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.