எண்ணெய்க் கடையாகத் தொடங்கிய லியோபோல்ட்

சரக்குக் கொள்முதலுக்காக மும்பை சென்று வரும் நம் மாவட்ட வியாபாரிகளில் சிலர் கொலாபா கடைத்தெருவில் நடந்திருப்பார்கள். தாஜ் ஓட்டலுக்குப் பின்புறம், முகப்பு முழுவதும் சாலையைப் பார்த்துத் திறந்தபடி இருக்கும் லியோபோல்ட் கஃபே அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். பீர் விற்கும் இடமாயிற்றே என்று ஒதுங்கியும் போயிருப்பார்கள். ஆனால் அதன் பூர்வீகம் நம் தொழிலைச் சேர்ந்தது.

ஈரானிலிருந்து வந்த ஜொராஸ்ட்ரியர்கள் 1871-ல் அதைத் தொடங்கியபோது அது சமையல் எண்ணெய் மொத்த வியாபாரக் கடை. 1903-ல் திறக்கப்பட்ட தாஜ் ஓட்டலைவிட 32 ஆண்டுகள் மூத்தது. நம் கோட்டாறு கம்போளத்து எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் போய் நின்றாலும் அன்று அந்நியமாகத் தோன்றியிருக்காது. பிற்பாடு பல்பொருள் கடை, மருந்துக் கடை, உணவு விடுதி என்று காலத்துக்கேற்ப மாறியது. பெயர் மட்டும் பெல்ஜிய மன்னருடையது. வெள்ளைக்காரன் காலத்தில் அப்படிப் பெயர் வைத்தால் மவுசு போலும்!

தெருமுனைக் கடை ராசியில்லை என்று மற்றவர்கள் தள்ளிய இடங்களைத்தான் ஈரானியர்கள் பிடித்தார்கள் என்று மும்பையில் சொல்வதுண்டு. முனைக் கடைக்கு இரண்டு தெரு வாடிக்கையாளர் வருவார் என்ற கணக்கு நமக்குத் தெரியாததா?

லியோபோல்டில் மறைவு என்பதே கிடையாது. ஒரு மேசையில் பீர், அடுத்த மேசையில் டீ, அதற்கடுத்து குழந்தைகளோடு ஒரு குடும்பம். 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் இங்கே சுட்டதில் வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் இறந்தார்கள். நான்கே நாளில் கடையைத் திறந்துவிட்டார்கள். சுவரிலும் கண்ணாடியிலும் விழுந்த குண்டுத் துளைகளை அடைக்கவில்லை. உடன் வேலை செய்தவர் இறந்த இடத்தில் மறுபடி கல்லாவில் உட்காருவது எப்படிப்பட்டது என்பது கடை நடத்துகிறவருக்கே புரியும்.

நாம் மதுவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 2003-ல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம் போனபின் நம் ஊரில் உள்ளதென்ன? கம்பி வலைக்குப் பின்னால் ஒரு கை, பக்கத்தில் தகரக் கொட்டகை. நம் மாவட்டத்தின் உண்ணாமலைக்கடையில் அப்படியொரு கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31 அன்று உயிரிழந்தார்.

கொலாபாவில் அந்தக் கடையை ஒட்டித்தான் செருப்புக் கடையும் துணிக் கடையும் இரவு வரை வியாபாரம் பார்க்கின்றன. இங்கே மதுக்கடை ஓரமாகப் பலசரக்குக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். விளக்கு வைத்தபின் பெண்கள் எதிர்ப்பக்கமாக நடக்கிறார்கள். மாதப் பற்று வைத்தவர்கள்கூட வேறு கடைக்கு மாறிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கடை நடத்தும் உறுப்பினர்கள், மாலை 6 மணிக்கு முன்னும் பின்னும் ஆகும் விற்பனையை ஒரு மாதம் தனித்தனியே குறித்துச் சங்க அலுவலகத்தில் கொடுக்கவும். மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கும்போது வெறும் புலம்பலாக இல்லாமல் கணக்கோடு போவோம்.