கல்லூரி நூலகங்களில் ஸ்ட்ரீமிங் காணொளிகள்

கல்லூரி நூலகத்தின் இணையதளம் வழியாக மாணவர்களும் ஆசிரியர்களும் பார்க்கும் ஆவணப்படங்கள், திரைப்படங்கள், பாடக் காணொளிகள் ஆகியவை நூலக ஸ்ட்ரீமிங் காணொளிகள் எனப்படுகின்றன. அமெரிக்கக் கல்லூரிகளில் கனோபி, அலெக்சாண்டர் ஸ்ட்ரீட், ஃபில்ம்ஸ் ஆன் டிமாண்ட், ஸ்வாங்க் போன்ற சேவைகள் பயன்பாட்டில் உள்ளன. கல்லூரிக் கணக்கின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் விடுதி அறையிலிருந்தே பார்க்கலாம். மாணவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பதால் இவை இலவசம் என்று தோன்றும். உண்மையில் நூலகம் பணம் கட்டுகிறது. கட்டியும் பெரும்பாலான படங்கள் நூலகத்துக்குச் சொந்தமாவதில்லை.

டிவிடியும் உரிமமும்

முன்பு நூலகம் வாங்கிய டிவிடி, தேயும் வரை அலமாரியில் இருந்தது. முறையாக வாங்கிய பிரதியை இரவல் கொடுக்க அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு இடமளிக்கிறது. வகுப்பறையில் திரையிட 110ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நூறு பேர் பார்த்தாலும் கூடுதல் செலவு கிடையாது. ஸ்ட்ரீமிங்கில் நூலகத்துக்குக் கிடைப்பது பிரதி அன்று, ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட காலம் வரை பார்ப்பதற்கான உரிமம்.

கையில் இருக்கும் டிவிடியையே கணினிக்கு மாற்றி மாணவர்களுக்கு இணையத்தில் காட்டக் கூடாதா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் அவ்வாறு செய்ததை எதிர்த்து, கல்விப் பட நிறுவனங்களின் சங்கம் ஒன்று 2010இல் வழக்குத் தொடுத்தது. 2012இல் வழக்கு தள்ளுபடியானது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பும் அதற்கு ஒரு காரணம் என்பதால், எல்லாக் கல்லூரிகளும் நம்பிப் பின்பற்றக்கூடிய விடை அதில் கிடைக்கவில்லை.

நான்கு முறை பார்த்தால் 150 டாலர்

கனோபி 2008இல் ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழகங்களுக்கு டிவிடி விற்கும் நிறுவனமாகத் தொடங்கிப் பின்னர் ஸ்ட்ரீமிங்குக்கு மாறியது. அது பரப்பிய முறை, பயனர் தேவையால் வாங்குதல் என்பதாகும். ஆயிரக்கணக்கான படங்கள் மாணவர் கண்முன் திறந்து வைக்கப்படும். ஒரு படத்தை 30 விநாடிகளுக்கு மேல் ஓட்டினால் அது ஒரு பார்வை. நான்கு பார்வைகள் ஆனதும் நூலகத்தின் கணக்கில் அந்தப் படத்துக்கு ஓராண்டு உரிமம் தானாகப் பதிவாகும். அதன் விலை ஏறத்தாழ 150 டாலர்.

ஒருவரும் பார்க்காத படத்துக்குச் செலவில்லை என்பதால் இது நியாயமான ஏற்பாடாகவே தெரிந்தது. ஆனால் பொழுதுபோக்காகத் திறந்து ஒரு நிமிடத்தில் மூடியதும் பாடத்துக்காக முழுமையாகப் பார்த்ததும் ஒரே கணக்கில் சேர்ந்தன. ஓராண்டில் 200 படங்கள் இந்த எல்லையைத் தாண்டினால் 30,000 டாலர் ஆகிவிடும். அடுத்த ஆண்டு மீண்டும் யாராவது பார்த்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். நூலகத்தின் சேவை எவ்வளவு பிரபலமாகிறதோ அவ்வளவு சீக்கிரம் அதன் பணம் தீர்ந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

பொது நூலகங்களிலும் ஒவ்வொரு பார்வைக்கும் கட்டணம் என்ற ஏற்பாடு இருந்தது. நியூயார்க், புரூக்ளின், குயின்ஸ் பொது நூலகங்கள் செலவைக் காரணம் காட்டி 2019 ஜூலையில் கனோபியை நிறுத்தின. கனோபியை 2021இல் ஓவர்டிரைவ் நிறுவனம் வாங்கியது.

கல்லூரிகள் பல, தானாகப் பதிவாகும் முறையைக் கைவிட்டன. இப்போது மாணவர் ஒரு படத்தைச் சொடுக்கினால் படத்துக்குப் பதில் விண்ணப்பப் படிவம் வருவது இதனால்தான். பாடத்திட்டத்தில் உள்ள படங்களுக்கு ஆசிரியர் கேட்டால் மட்டும் உரிமம் வாங்கும் நூலகங்களும் உண்டு. மொத்தத் தொகுப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது இன்னொரு வழி. செலவு முன்கூட்டியே தெரியும், ஆனால் சந்தா நின்றால் தொகுப்பு முழுவதும் போய்விடும்.

மாணவர் கவனிக்க வேண்டியவை

ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு படத்தை ஆதாரமாகக் கொள்பவர் அதன் உரிமம் எப்போது முடிகிறது என்று நூலகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பல சேவைகளில் உரையாடலின் எழுத்து வடிவம் படத்தோடு கிடைக்கிறது. மேற்கோள் காட்டும் இடத்தின் நேரக்குறிப்பைப் படம் கிடைக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற தனிநபர் சேவைகள் நூலகங்களுக்குக் கணக்கு தருவதில்லை. அங்கு மட்டும் வெளியான படத்தை நூலகர் வாங்கித் தர இயலாது. பழைய டிவிடி இன்னும் அலமாரியில் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.