அப்பாவின் தராசு சொன்ன பாதி உண்மை

போன எபிசோட்டில் ஸ்மார்ட் வாட்ச், ஸ்மார்ட் தராசு எல்லாம் எப்படி அளக்குது என்று கதைத்தோம். நேரம் போதாமல் ஒரு கதையை விட்டுவிட்டேன். என் அப்பாவின் கதை. உங்கட வீட்டிலும் இது நடந்துகொண்டு இருக்கலாம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. ஸ்காபரோ குளிருக்குள் வெளியில் நடக்க ஏலாது. காலமை மோல் திறந்தவுடன் போய் உள்ளுக்குள்ளே சுற்றிச் சுற்றி நடப்பார். வாட்சும் தராசும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு 10,000 அடி, இரவில் சோற்றுக்குப் பதிலாக சூப். ஆறு மாதத்தில் 5 கிலோ குறைஞ்சுது. ஆப்பில் பச்சைக் கோடு இறங்க இறங்க வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

கோடையில் கோயில் அன்னதானத்துக்குப் போய் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம். முடிஞ்சதும் எல்லாரும் எழும்பினார்கள். அப்பா எழும்பவில்லை. இரண்டு தரம் முயற்சி செய்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "கால் விறைச்சுப் போச்சு தம்பி" என்று சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொடையில் பலம் இல்லை என்பது தோளில் விழுந்த பாரத்திலேயே தெரிஞ்சுது.

அன்றிரவு ஆப்பில் இருந்த தரவு முழுவதையும் இறக்கி எடுத்துப் பார்த்தேன். தொழில் பழக்கம். கொழுப்புக்கான வரிசை இறங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் தசைக்கான வரிசையும் இறங்கியிருந்தது. முகப்பில் நிறை மட்டும் பெரிய எழுத்தில் தெரிந்ததால் மற்றதை ஒருவரும் பார்க்கவில்லை. டாஷ்போர்டில் பிழையான எண்ணை வைத்துக்கொண்டு சேர்வர் நல்லா ஓடுது என்று நம்புவது மாதிரித்தான் இதுவும்.

தராசு உண்மையில் எதை அளக்குது?

வெறும் காலோடு ஏறி நின்றதும் தராசு ஒரு மிகச் சிறிய மின்சாரத்தை ஒரு பாதத்தில் இருந்து மற்றப் பாதத்துக்கு அனுப்பும். தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் இலேசாகப் போகும். கொழுப்பு தடுக்கும். தராசு அளப்பது அந்தத் தடையை மட்டும். கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்பதெல்லாம் உங்கள் உயரம், வயது, பால் ஆகியவற்றையும் போட்டு ஒரு சமன்பாடு சொல்லும் ஊகம். மின்சாரம் ஒரு காலால் ஏறி மற்றக் காலால் இறங்குவதால் மேலுடம்பு பெரிதாக அதில் அகப்படாது. தண்ணீர் குடித்தாலும் வேர்த்தாலும் எண் மாறும். அதனால் ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம். ஒரே நேரத்தில் அளந்து, மாதக் கணக்கில் கோடு எந்தப் பக்கம் போகுது என்று மட்டும் பாருங்கள்.

நிறையை மட்டும் நம்புவது எங்களுக்குக் கூடுதல் ஆபத்து. 2004-இல் லான்செட் இதழில் யாஜ்னிக், யட்கின் என்ற இரண்டு மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக்கின் உடம்பில் கொழுப்பு 21.2%, லண்டன்காரரான யட்கினுக்கு 9.1%. உயரத்துக்கு ஏற்ற நிறை என்றாலும் தெற்காசிய உடம்பில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடவாகவும் இருக்கலாம். வயது போகப் போகத் தசை இன்னும் கரையும்.

நடந்தால் போதாதா?

நடை நல்லது. இதயத்துக்கு, சீனிக்கு, பிரஷருக்கு, எல்லாத்துக்கும் நல்லது. ஆனால் சாப்பாட்டைக் குறைத்து நடக்க மட்டும் செய்தால், குறையும் நிறையில் தசையும் சேர்ந்து போகும். 2017-இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் வெளியிட்ட ஒரு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுது. உடற்பருமன் உள்ள 160 முதியவர்கள், ஆறு மாதம். உடற்பயிற்சி செய்த மூன்று கூட்டத்துக்கும் நிறை சுமார் 9% குறைஞ்சுது. நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பில்லாத உடல் நிறையில் 5% இழந்தார்கள். பாரம் தூக்கியவர்கள் 2%, இரண்டையும் செய்தவர்கள் 3%. அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் அதிகமாகக் கூடியது இரண்டையும் செய்தவர்களுக்கு. தராசில் பார்த்தால் மூன்று கூட்டமும் ஒன்றுதான்!

அந்த 10,000 அடிகூட மருத்துவர் சொன்ன கணக்கு இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து வந்தது. அதே ஜப்பானில் இருந்து 2007-இல் வந்த ஆய்வுதான் எனக்கு உதவியது. 3 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஐந்து மாதம் நடந்தவர்களுக்கு, முழங்காலை நீட்டும் பலம் 13% கூடியது. ஒரே வேகத்தில் நடந்தவர்களுக்கு அந்தளவு கூடவில்லை.

நாங்கள் மாற்றியது

குடும்ப டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கினோம். வாட்ச் 3 நிமிடத்துக்கு ஒருக்கா அதிரும், அப்பா வேகத்தை மாற்றுவார். கிழமையில் மூன்று நாள் கதிரையில் இருந்து எழும்பி இருக்கும் பயிற்சி. ரீயும் பிஸ்கட்டும் மட்டும் இருந்த காலைச் சாப்பாட்டில் முட்டை, கடலை, பயறு சேர்ந்தது.

முதல் நாள், கையைக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் 9 தரம் எழும்பினார். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசியின் அட்டவணைப்படி 70 முதல் 74 வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் சராசரியை விடக் குறைவு. நாலு மாதத்தில் 13 ஆனது. நடுவில் ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "ஒரு கிலோ கூடிட்டுது தம்பி. நடந்து என்ன பிரயோசனம்?" நான் அவருடைய பெல்டைக் காட்டினேன். ஒரு ஓட்டை உள்ளுக்குப் போயிருந்தது. ஆப்பின் முகப்பில் இருந்து நிறையை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

இந்த வார இறுதியில் அப்பா அம்மாவைப் பார்க்கப் போனால், "நிறை எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். சுவரோடு ஒரு கதிரையைப் போட்டு, பக்கத்தில் நின்று, 30 விநாடி எண்ணுங்கள். இடுப்பையும் அளவுநாடாவால் அளவுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பதுதான் கவனிக்க வேண்டிய எல்லை.

போன மாதம் திரும்பவும் அன்னதானம். அப்பா ஒரு கையை நிலத்தில் ஊன்றி எழும்பினார். என் தோளைத் தேடவில்லை.