முங்கி எழும் பூங்கா

பிற்பகல் மூன்று மணி. சிங்கப்பூரின் வானம் வடக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. அங் மோ கியோ அடுக்குமாடி வீடுகளில் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழிகளில் காயும் துணிகளை அவசரமாக உள்ளே இழுக்கிறார்கள். கீழே பூங்காவின் ஆற்றோரப் புல்லில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை ஒலி கேட்கிறது. விளக்குகள் மின்னுகின்றன, ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது. பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடக்கிறார்கள். ஓடவில்லை, நடக்கிறார்கள். சற்று முன்புவரை கணுக்கால் அளவு நீர் சலசலத்த இடத்தில், கொஞ்ச நேரத்தில் கலங்கிய பேராறு ஒன்று அகன்று போகிறது. பந்து உருண்ட புல்வெளி இப்போது அதற்கு அடியில் இருக்கிறது.

மழை விட்டதும் நீர் வடிகிறது. புல் மெல்லத் தலை தூக்குகிறது. மறுநாள் காலை, சாய்ந்து கிடக்கும் நாணலைத் தவிர வெள்ளம் வந்துபோன அடையாளம் பெரிதாக இருக்காது.

பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் இது விபத்தோ பராமரிப்புக் குறையோ அல்ல. முங்கட்டும் என்றே வடிவமைத்த பூங்கா அது. 62 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய 153 ஏக்கர். நகரப் பூங்கா என்றதும் நடைபாதையும் நீரூற்றும் சிமெண்ட் பெஞ்சும் மட்டுமே நினைவுக்கு வரும் நமக்கு, ஒரு பூங்கா எத்தனை வேலை செய்ய முடியும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பூங்காவுக்கு வடக்கே அங் மோ கியோ. 1970களில் எழுந்த பெரிய குடியிருப்பு நகரம். தெற்கே பீஷான், 1980கள் வரை சீனர்களின் பெரிய இடுகாடாக இருந்த மண். கல்லறைகளை அகற்றித்தான் அங்கே வீடுகள் கட்டினார்கள். இரண்டு நகரங்களுக்கும் நடுவே 1988இல் பூங்கா அமைந்தது. அதன் ஓரத்தை ஒட்டி 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடு பிடித்தாற்போல ஒரு கான்கிரீட் வாய்க்கால். அதுதான் காலாங் ஆறு. நாட்டிலேயே நீளமான ஆறு அது, நீளம் சுமார் 10 கிலோமீட்டர். ஆறு என்று யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். செங்குத்துச் சுவர்கள், வேலி, அடியில் ஒரு கோடாக நீர். அக்கரைக்கும் இக்கரைக்கும் உறவில்லை.

அப்படிக் கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1978 டிசம்பர் 2ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஏழு பேர் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பொறியாளர்களின் முன்னால் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: இந்த நீரை எவ்வளவு வேகமாகக் கடலுக்குத் தள்ளலாம்? அதற்கு வழவழப்பான கான்கிரீட்டை மிஞ்ச எதுவும் இல்லை.

சிக்கல், அந்த வேகத்தில்தான் இருந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 62 ஹெக்டேர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 3 கோடியே 10 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி ஏறக்குறைய 2,600 வேண்டும். இது பூங்கா அளவு நிலத்துக்கு மட்டும். சுற்றிலும் உள்ள கூரை, தார்ச்சாலை, கார் நிறுத்துமிடம் எல்லாம் மழையை ஒரு சொட்டும் உறிஞ்சாமல் வழித்து வாய்க்காலில் கொட்டுகின்றன. காடாக இருந்தால் இலையில் கொஞ்சம், சருகில் கொஞ்சம், மண்ணில் மிச்சம் என்று தங்கித் தங்கி வரும். நகரத்தில் எல்லா நீரும் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறது. வெள்ளத்தைத் தீர்மானிப்பது மொத்த நீரின் அளவு மட்டும் அல்ல. அது வந்து சேரும் நேரமும்தான். ஓரிடத்து நீரை வேகமாகத் தள்ளிவிட்டால் கீழே இருப்பவர்கள் அதை இன்னும் அவசரமாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

2000களில் அரசின் பார்வை மாறியதற்கு இன்னொரு காரணம் குடிநீர். சிங்கப்பூர் தன் தேவையில் ஒரு பகுதியை மலேசியாவின் ஜொகூரிலிருந்து வாங்குகிறது. 1962இல் செய்த அந்த ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. 2008இல் மரீனா அணை திறக்கப்பட்ட பிறகு, காலாங் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் நன்னீர்த் தேக்கமாக மாறியது. நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கின் மழைநீர் அதில் சேர்கிறது. கடலுக்கு விரட்ட வேண்டிய கழிவாக இருந்த நீர், வீட்டுக் குழாயில் வரப்போகும் நீராயிற்று. அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, 2006இல், பொதுப் பயனீட்டுக் கழகம் வாய்க்கால்களையும் நீர்த்தேக்கங்களையும் மக்கள் புழங்கும் இடங்களாக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பீஷானில் பழைய வாய்க்காலுக்கும் வயதாகிவிட்டது, பூங்காவும் புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பழுதுபார்ப்பதற்குப் பதில், நடுவில் இருந்த வேலியை எடுத்துவிட்டார்கள். பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் தேசியப் பூங்காக் கழகமும் வடிகாலைப் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகமும் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்ததுதான், என் கணிப்பில், இந்தக் கதையிலேயே கடினமான வேலை. ஜெர்மனியைச் சேர்ந்த நிலவடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்டலின் நிறுவனம் வடிவமைத்தது. 2009இல் வேலை தொடங்கி, 2012 மார்ச்சில் பூங்கா திறந்தது. செலவு 7 கோடியே 60 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி.

நேராக இருந்த 2.7 கிலோமீட்டர் வாய்க்கால், வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஆறானது. உடைத்தெடுத்த கான்கிரீட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டவில்லை. பூங்காவுக்குள்ளேயே அதைக் கொண்டு ஒரு குன்று அமைத்தார்கள்.

இங்கே யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். வளைவும் புல்லும் நீரைத் தடுக்குமே, அப்படியானால் வெள்ளம் அதிகமாகாதா? தடுக்கத்தான் செய்யும். எவ்வளவு தடுக்கும் என்று கணக்கிட, அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 19ஆம் நூற்றாண்டில் முன்வைத்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு பரப்பின் சொரசொரப்புக்கும் அதில் ஓர் எண் உண்டு. வழவழப்பான கான்கிரீட்டுக்கு அது சுமார் 0.013. புல்லும் புதரும் மண்டிய கரைக்கு 0.05 என்று வைத்துக்கொள்ளலாம். ஆழமும் சரிவும் மாறாமல் இருந்தால் நீரின் வேகம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். மெதுவாகப் போகும் நீருக்கு அதிக இடம் வேண்டும். அந்த இடம்தான் பூங்கா. பழைய வாய்க்காலின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது வெள்ளம் பரவக்கூடிய அகலம் ஏறக்குறைய 100 மீட்டர். அதனால் வேகம் குறைந்த பிறகும் ஆறு சுமக்கக்கூடிய நீரின் அளவு 40 சதவீதம் கூடியிருக்கிறது.

காவிரிக் கரையிலோ கொள்ளிடக் கரையிலோ வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க ஒரே சொல் போதும்: படுகை. ஆற்றுக்கும் கரைமேட்டுக்கும் நடுவில் கிடக்கும் நிலம். நீர் குறைந்த மாதங்களில் அதில் வாழை நிற்கும், காய்கறி விளையும். வெள்ளம் வந்தால் அது ஆற்றுக்கு உரியது. அங்கே வீடு கட்டிக்கொண்டு ஆற்றைக் கோபித்துக்கொள்வதில் பொருளில்லை. சிங்கப்பூர் செய்தது, அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு படுகையை மீட்டெடுத்ததுதான். வாழைக்குப் பதில் அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

மண் கரை அரித்துக்கொண்டு போகாதா என்பது அடுத்த கவலை. உயிருள்ள செடிகளாலேயே கரை கட்டும் முறை ஐரோப்பாவில் பழையது. அங்கே வில்லோ மரத்தின் கிளைகளை வெட்டிக் கட்டாகக் கட்டிக் கரையில் புதைப்பார்கள். அவை வேர்விட்டு மண்ணைப் பிடிக்கும். வெப்பமண்டலத்தில், அதுவும் சில நிமிடங்களில் ஆள் உயரத்துக்கு நீர் ஏறும் ஓர் ஆற்றில், எந்தச் செடி தாங்கும்? சிங்கப்பூரில் அதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை. ஆகவே 2009இல் பூங்காவில் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு சோதனைக் கரை அமைத்தார்கள். பத்து விதமான கட்டுமுறைகளை முயன்று, அவற்றில் ஏழு முறைகளை ஆற்றுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கிளைக்கட்டுகள், துணிபோன்ற விரிப்பில் சுற்றிய மண் அடுக்குகள், இடுக்குகளில் செடி நட்ட கற்குவியல், நாணல் சுருள்கள். கரையின் ஒவ்வொரு இடத்திலும் நீர் மோதும் வேகத்தைப் பார்த்து இன்ன இடத்துக்கு இன்னது என்று வைத்தார்கள். வளைவின் வெளிப்புறத்தில் நீர் முட்டி அரிக்கும், உட்புறத்தில் வண்டலைப் போடும். இரண்டுக்கும் ஒரே மருந்து உதவாது. வரப்பு சரியாமலிருக்க வெட்டிவேர் நடும் நம் விவசாயிகளுக்கு இந்த யோசனை அன்னியமானதல்ல. கான்கிரீட் கட்டி இறுகிய புதிதில்தான் முழு வலுவோடு இருக்கும், பிறகு ஒவ்வோர் ஆண்டும் தேயும். வேரால் கட்டிய கரை முதல் நாளில் பலவீனம். வேர் இறங்க இறங்க அது உறுதியாகிறது.

பூங்காவின் மேல்பக்கத்தில் படிப்படியாக இறங்கும் நீர்ச்செடிப் பாத்திகள் இருக்கின்றன. பார்வைக்குத் தோட்டம், வேலையில் சுத்திகரிப்பு நிலையம். பாத்திகள் வழியே நீர் மெல்லக் கசியும்போது மண்ணும் தூசியும் தங்கிவிடுகின்றன. வேர்களைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் கரைந்துள்ள அழுக்கைச் சிதைக்கின்றன. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடிகள் உரமாக எடுத்துக்கொள்கின்றன. ரசாயனம் சேர்ப்பதில்லை. இப்படித் தெளிந்த நீரை, புற ஊதா ஒளியால் கிருமி நீக்கிய பிறகு, குழந்தைகள் விளையாடும் நீர்த்தொட்டிக்கு விடுகிறார்கள்.

கொசு வராதா? டெங்குவோடு நெடுங்காலமாகப் போராடும் ஊர் என்பதால் அங்கேயும் இந்தக் கேள்வி உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பூந்தொட்டித் தட்டு, வாளி, டயர் என்று அசையாமல் தேங்கிய சிறு நீரில் முட்டையிடுவது. ஓடும் ஆறு அதற்கு ஒத்துவராது. மீனும் தும்பியின் இளம்புழுவும் இருக்கும் நீரில் கொசுப்புழு பிழைப்பது இன்னும் கடினம். இந்தப் பூங்காவில் 22 வகைத் தும்பிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். பறவைகளில் 59 வகை. எந்த விலங்கையும் கொண்டுவந்து விடவில்லை. ஆழமும் ஆழமின்மையும், வேகமும் தேக்கமும், கல்லும் சேறும் கலந்த இடம் கிடைத்தது. விலங்குகள் தாமே வந்தன. முதல் இரண்டு ஆண்டுகளில் உயிரின வகைகள் 30 சதவீதம் கூடின.

வந்தவற்றில் எல்லோரையும் கவர்ந்தவை நீர்நாய்கள். சங்கப் பாட்டுகளில் வாளை மீனைப் பிடித்துத் தின்னும் அதே நீர்நாய்; காவிரியில் இன்றும் இருக்கும் அதே இனம். சிங்கப்பூரில் ஆறுகள் அழுக்கேறிய காலத்தில் மறைந்துபோய், 1990களின் இறுதியில் வடக்குக் கரையோரத்தில் மறுபடி தலைகாட்டியது. பிறகு ஒரு குடும்பம் இந்தப் பூங்காவில் வந்து தங்கியது. காலை நடைக்கு வரும் முதியவர்கள் நின்று பார்க்க, கூட்டமாக மீன் வளைத்துப் பிடித்துப் புல்லில் புரண்டு உடம்பைக் காயவைத்துக்கொண்டது. ஊரார் அதற்குப் பீஷான் குடும்பம் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்தப் பூங்காவை அப்படியே எடுத்து எல்லா ஊரிலும் வைத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பீஷானுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது: வாய்க்காலை ஒட்டி ஏற்கெனவே ஒரு பெரிய பூங்கா, யாரையும் வெளியேற்றாமல் அகலப்படுத்த இடம். காலாங் ஆற்றின் மற்ற நீளத்தில் அந்த வசதி இல்லை. பல இடங்களில் சுவரை ஒட்டியே சாலையும் கட்டடமும் நிற்கின்றன. ஆற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் 8 லட்சம் பேர் வசிப்பதாகவும், அடுத்த 20 ஆண்டுகளில் இன்னும் ஒரு லட்சம் வீடுகள் வரக்கூடும் என்றும் 2017இல் நகரத் திட்டத் துறை சொன்னது. அந்த 10 கிலோமீட்டரையும் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் ஏற்ற கரையாக்க அவர்களிடம் திட்டம் இருக்கிறது. ஆனால் 100 மீட்டர் அகலம் எல்லா இடத்திலும் கிடைக்காது. சில இடங்களில் ஒரு படிக்கட்டும் ஒரு வரிசைச் செடியும்தான் முடியும். மேலே மெதுவாக்கிய நீர் கீழே வந்ததும் பெரும்பாலும் பழையபடி கான்கிரீட்டில்தான் விரைகிறது.

பீஷான் குடும்பம் 2015 வாக்கில் அந்த வழியாகவே இறங்கிவிட்டது. பூங்காவைத் தாண்டி, பாலங்களுக்கு அடியில், சுவர்களுக்கு நடுவே நீந்தி, காலாங் முகத்துவாரத்துக்கும் அங்கிருந்து வானுயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த மரீனா விரிகுடாவுக்கும் போய்ச் சேர்ந்தது. வழியில் கரையேறி உடம்பைத் துவட்டிக்கொள்ள அவற்றுக்குக் கொஞ்சம் புல் தேவைப்பட்டது. சுவர்களுக்கு நடுவே அது கிடைத்த இடம் குறைவு.