சைவச் சாப்பாடும் மார்பகப் புற்றுநோயும்

"நாம் சுத்த சைவம், வீட்டுச் சாப்பாடு. அந்த வியாதி நமக்கு எப்படி வரும்?" மும்பையில் நம் பெண்கள் நாலு பேர் கூடும் இடங்களில் இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடுவது ஆபத்து.

இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். 2022இல் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக வந்ததாக ஒரு மதிப்பீடு கூறுகிறது. கிராமங்களைவிட நகரங்களில்தான் அதிகம்.

வாழ்க்கை முறைக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதை எடுத்துக்காட்டியவர்கள், ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெண்கள். தாய்நாட்டில் இந்நோய் குறைவாக இருந்தது. குடியேறியவர்களின் மகள், பேத்தி என்று தலைமுறை செல்லச் செல்ல அது கூடிக்கொண்டே போனது. ஊரை விட்டு வந்த நாமும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அப்படியானால் எண்ணெய், நெய்தான் குற்றவாளியா? அமெரிக்காவில் 48,835 பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் கொழுப்பைக் குறைத்துக் காய், கனி, தானியங்களை அதிகமாக உண்டார்கள். சுமார் 8 ஆண்டுகளுக்குப் பிறகு, 2006இல் வெளியான முடிவில் அவர்களிடம் நோய் 9 சதவீதமே குறைந்திருந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள்.

உடல் எடையின் பங்கு இதைவிடத் தெளிவானது. மாதவிடாய் நின்ற பிறகு, பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது பெரும்பாலும் கொழுப்புத் திசுக்களில்தான். எடை கூடினால் அதுவும் கூடுகிறது. மார்பகச் செல்களை வளரத் தூண்டுகிறது. பிரிட்டனில் 2022இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற சைவப் பெண்களிடம் இந்நோய் 18 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அவர்களின் எடை குறைவாக இருந்ததே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நம் சைவமோ இரண்டாம் முறை சாதம், மாலையில் பஜ்ஜி, சர்க்கரை தூக்கலாகக் காப்பி என்று போகிறது. இலையில் கறி, கூட்டு, கீரை பெருகி, சாதம் சுருங்க வேண்டும். தினமும் அரைமணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும்.

மது விஷயத்தில் சந்தேகமே இல்லை. நாளொன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால் உள்ளே போனாலே அபாயம் 7 முதல் 10 சதவீதம் கூடுகிறது. விருந்துகளில் 'ஒயின்தானே' என்று நீட்டும் கோப்பைக்கும் இது பொருந்தும். சோயாவைப் பற்றிப் பயம் வேண்டாம். உணவாகச் சாப்பிடும் அளவில் அது கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. தாய்ப்பால் கொடுப்பதும் ஒரு காப்பு: மொத்தத்தில் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் 4.3 சதவீதம் குறைவதாக, 30 நாடுகளின் தகவல்களைத் தொகுத்த ஆய்வு 2002இல் கூறியது.

இத்தனையும் செய்தாலும் நோய் வரவே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வயதையும் பரம்பரையையும் சாப்பாட்டால் மாற்ற இயலாது. எனக்குத் தெரிந்த ஒரு மாமி, கட்டி தென்பட்ட பிறகும் ஏழெட்டு மாதம் பாகற்காய்ச் சாறு குடித்துக்கொண்டு, மகளிடம்கூடச் சொல்லாமல் இருந்தார். டாக்டரிடம் போனபோது அது அக்குள் வரை பரவியிருந்தது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இயந்திரம் ஏதுமின்றி, கையாலேயே மார்பகங்களைப் பரிசோதித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே இந்நோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

ஆகவே சகோதரிகளே, சாப்பாட்டைச் சீர்படுத்துங்கள்; பரிசோதனைக்கும் போய் வாருங்கள். கட்டி, தோலில் சுருக்கம், காம்பில் கசிவு எதுவானாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லையே என்று தள்ளிப் போடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது.