குணா குகைக்கு இரும்புக் கதவு மட்டும் போதுமா?

தீபாவளி முடிந்து ஆலைகளுக்கு லீவு விட்டதும் வேன் பிடித்துக் கொடைக்கானல் போவது சிவகாசிப் பக்கத்து வழக்கம். நான் பட்டாசு ஆலை போர்மேன். தூண்பாறை பார்த்த கையோடு எங்கள் பையன்கள் கேட்பது குணா குகையைத்தான். அதன் வாசலை வனத்துறை இரும்புக் கம்பி போட்டு அடைத்திருக்கிறது. “உள்ளே ஏன் விடமாட்டேங்கிறாங்க அண்ணாச்சி?” என்பார்கள். அந்தக் கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் கிடைக்க வேண்டும்.

1991-இல் வந்த ‘குணா’ படத்தால் இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் வெள்ளைக்காரர்கள் பிசாசின் சமையலறை என்றார்கள். செங்குத்தாக வெடித்த பாறைப் பிளவுகள்தான் இந்தக் குகை. பல இடங்களில் மேலிருந்து சரிந்த பாறைகள் பிளவின் நடுவே சிக்கி நிற்க, அவற்றின் மேல் மண்ணும் சருகும் படிந்திருக்கின்றன. தரை என்று நம்பி நாம் கால் வைப்பது பள்ளத்தின் கூரையாக இருக்கலாம். மழைக்காலத்தில் பாசி வழுக்கும். மூடுபனியில் குழியின் வாய் கண்ணில் படாது.

2006-இல் கேரளத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அப்படித்தான் விழுந்தார். பாறை இடுக்கில் தங்கிய அவரை, கூட வந்த ஒருவரே கயிற்றில் இறங்கி மீட்டார். 2024-இல் அந்தச் சம்பவத்தை வைத்து ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வந்தபின் கூட்டம் பெருகியது. வேலி தாண்டி இறங்கிய இளைஞர்கள் கைதானார்கள். திரையில் நாம் பார்த்த குகையின் பெரும்பகுதி செட் என்பதைக்கூட அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆலையில் ‘கவனம்’ என்று போர்டு மாட்டியதோடு எங்கள் வேலை முடியாது. மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார விடமாட்டோம். கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி உண்டு. ஒருவர் கை தவறினாலும் எல்லா உயிரும் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லித்தான் ஆளை வேலைக்கு வைப்பேன். காரணம் தெரியாத விதியை யாரும் மதிப்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று எங்கள் சிவகாசிப் பக்கத்து முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் மாண்டவர்களில், உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் இருந்தார்கள். தள்ளி நிற்பதும் உயிர் காக்கும் வேலை என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எல்லாக் குகையையும் பூட்டச் சொல்லவில்லை. ஆந்திரத்தின் பேலம் குகை 3 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுண்ணாம்புக் குகை. சேற்றை அள்ளி, நடைபாதையும் விளக்கும் போட்டு, காற்றுக்குக் குழாய் இறக்கி 2002-இல் திறந்தார்கள். மக்களை விடுவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வரைதான். கிடைமட்டமாகப் போகும் குகைக்கு அது சரிப்படும். ஆனால் அங்கும் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டும். தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018-இல் வெள்ளம் புகுந்து 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கினார்கள். எல்லாரும் மீண்டார்கள், மீட்புப் பணியில் ஒரு முக்குளிப்பவர் உயிரைக் கொடுத்தார்.

குணா குகைக்குள் படி கட்டினால் எந்தக் கூரை எப்போது இறங்கும் என்று யார் உறுதி சொல்வது? ஆகவே கதவு பூட்டியே இருக்கட்டும். அதோடு நான்கு காரியம் செய்யலாம். விளிம்பிலிருந்து தள்ளி, கைப்பிடியோடு ஒரு பார்வை மேடை. பிளவு எவ்வளவு கீழே போகிறது என்று குறுக்குவெட்டாகக் காட்டும் மாதிரி ஒன்று, தமிழிலும் மலையாளத்திலும் விளக்கத்தோடு. மேடைக்கு ஒரு நேரத்தில் இத்தனை பேர் என்ற கணக்கு; பனி இறங்கினால் மேடைக்கும் பூட்டு. கயிறும் கருவியும் கையில் வைத்திருக்கும் பயிற்சி பெற்ற உள்ளூர் மீட்புக் குழு.

இதில் எதற்கும் பெரிய செலவில்லை. பள்ளத்தின் ஆழத்தை மாதிரியில் கண்ணால் பார்த்த பையன் வேலி தாண்ட யோசிப்பான். அப்படியும் ஒருவன் தாண்டி விழுந்தால், அவனைத் தூக்க நண்பன் உயிரைப் பணயம் வைக்கும் நிலை இனி வரக் கூடாது.